நானுஓயாக் குளிரில் நன்னீர்த் திருக்கை: பெரிய தொட்டி கட்ட ஆலோசனை வேண்டும்

நானுஓயாப் பனி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருடமாக மீன் வளர்க்கிறேன். கப்பி, ஏஞ்சல் என்று தொடங்கி இப்போது 4 அடித் தொட்டியில் இரண்டு ஒஸ்கார் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சின்ன வயதிலிருந்து மனதில் கிடப்பது திருக்கைதான். போன மாதம் கொழும்பில் ஒரு கடையில் மொட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கையின் குட்டிகள் இரண்டைப் பார்த்தேன், உள்ளங்கை அளவுகூட இல்லை. மணலை மேலே போட்டுக்கொண்டு கண் இரண்டையும் மட்டும் வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன, இரை போட்டதும் ஒரு துணியை உதறியது போல மணலை உதறிவிட்டு எழுந்து வந்தன. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வாங்கவில்லை, ஆயத்தம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று திரும்பிவிட்டேன்.

இப்போது ஒருவர் 6 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் பாவித்த தொட்டி ஒன்று தருகிறேன் என்கிறார். கிட்டத்தட்ட 850 லீற்றர் பிடிக்கும். மாடி ஹாலில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், அங்கேதான் வெளிச்சமும் இடமும் இருக்கிறது. தண்ணீர்ப் பிரச்சினை எங்களுக்கு இல்லை, வீட்டுக்கு மேலே மலையிலிருந்து பைப் போட்டு இறக்கிய பீலித் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும், குளோரின் கிடையாது. குளிர்தான் யோசனை. ஜனவரியில் விடியற்காலை வீட்டுக்குள்ளேயே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்தத் தொட்டி போதுமா, எத்தனை ஹீட்டர் போட வேண்டும்? திருக்கை கடல் மீனாச்சே, உப்புப் போட வேண்டாமா என்று அம்மா கேட்கிறார், அதற்கும் பதில் சொல்லுங்கள். வீட்டில் 6 வயதில் மகள் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் தொட்டிக்காரன் எழுதியது:

தம்பி, வாங்காமல் திரும்பி வந்தீர்களே, அதற்கே உங்களுக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் ஆறு வருடமாக மொட்டோரோ வளர்க்கிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. உப்பு வேண்டாம். இவை தென் அமெரிக்க ஆறுகளில், அமேசான், ஒரினோகோ, பரானா பக்கம் பிறந்து வளர்பவை. கடல் திருக்கை உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்து உப்புநீரைச் சமாளிக்கும், இந்த இனம் அந்த வேலையையே விட்டுவிட்டது. உடம்புக் கழிவு பெரும்பாலும் அமோனியாவாக நேரே தண்ணீருக்குள் வரும். அதனால்தான் சொல்கிறேன், ஒஸ்காரை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். நிறைய சாப்பிடும், நிறைய கழிக்கும், ஆனால் அமோனியாவும் நைட்ரைட்டும் கொஞ்சம் தலைகாட்டினாலே ஒடுங்கிப்போகும்.

அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். திருக்கைக்கு உயரம் பிரயோசனமில்லை, தரைதான் வேண்டும். மொட்டோரோ நன்றாக வளர்ந்தால் வட்டு, அதாவது வாலைத் தவிர்ந்த வட்டமான உடம்பு, மட்டும் ஒன்றரை அடிக்கு மேல் வரும், பெண் இன்னும் பெரிதாகும், வால் வேறு இருக்கிறது. 2 அடி அகலத்தில் அது திரும்ப ஒவ்வொரு முறையும் விளிம்பைக் கண்ணாடியில் மடித்துத்தான் திரும்ப வேண்டும். என்னுடையது 7 அடிக்கு 3 அடி, உயரம் 2 அடி. ஜோடிக்கு அதுவே எனக்கு இப்போது குறைவாகத் தெரிகிறது. புதிதாகச் செய்பவர் 8க்கு 4 செய்யுங்கள், ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் போதும், ஏறக்குறைய 1,350 லீற்றர் வரும். ஆழம் குறைந்தால் கண்ணாடியின் மீது அழுத்தமும் குறையும்.

இனி உங்கள் பீலித் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதல் ஜோடியை இழந்தது இதனால்தான். எனக்கும் மேல் மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர். குடிக்கிறோம், சமைக்கிறோம், மீனுக்கு என்ன வரப்போகிறது என்று நேரே குழாயைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஜூலை மாதம், மழை விடாமல் பெய்த நேரம், தண்ணீர் மாற்றிய மறுநாள் பெண் திருக்கை சாப்பிடவில்லை. அடுத்த நாள் வட்டின் விளிம்பு முழுக்க மேல்நோக்கிச் சுருண்டுவிட்டது, காய்ந்த வாழை இலை ஓரம் சுருளுமே, அப்படி. வளர்ப்பவர்கள் இதைச் சாவுச் சுருள் என்பார்கள், அது வந்தபிறகு பிழைப்பது அரிது. மூன்றாம் நாள் இரண்டும் போய்விட்டன. அமோனியா பூச்சியம், நைட்ரைட் பூச்சியம். பிறகுதான் செப்பு பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று தேடி வாங்கி, கூரைத் தாங்கியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தேன், நிறம் மாறியது. ஊற்றுக்கு மேலே இருக்கும் தேயிலை மலையில் அந்த வாரம் மருந்து அடித்திருக்கிறார்கள்.

தேயிலையில் கொப்புள நோய் மழைக்காலத்தில்தான் வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதற்கு அடிப்பது பெரும்பாலும் செப்பு கலந்த மருந்து. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு செப்பு திருக்கையைக் கொன்றுவிடும், அதிலும் நம் மலைத் தண்ணீர் மென்மையான தண்ணீர், கல்சியம் குறைந்த தண்ணீரில் செப்பின் விஷம் இன்னும் கூடும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தம்பி. ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருநாள் ஏறிப் போய்ப் பாருங்கள். காடு என்றால் சரி. தேயிலையோ உருளைக்கிழங்குப் பாத்தியோ இருந்தால், மருந்து அடிக்கும் காலத்தில் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். நான் இப்போது ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டு தனியாக வைத்திருக்கிறேன், மருந்து அடிக்காத நாளில் நிரப்பி, செப்பு பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்கு எடுப்பேன். கூரைத் தகரத்திலிருந்து பிடிக்கும் மழைத் தண்ணீரும் வேண்டாம், துத்தநாகம் இறங்கும். குளிர்த் தண்ணீரைச் சூடாக்க குளியலறை கீசரிலிருந்து பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், பல கீசர்களுக்குள் செப்புச் சுருள்தான், அதையும் செய்யாதீர்கள்.

மென்மையான தண்ணீரால் இன்னொரு தொல்லையும் உண்டு. வடிகட்டியில் உள்ள பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். நம் ஊற்றுத் தண்ணீரில் தின்ன அதிகம் இல்லை. ஒரு கட்டத்தில் பிஎச் சட்டென்று விழும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா ஏறும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அது அமோனியமாகக் கிடக்கும், பெரிதாகத் தெரியாது. நீங்கள் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் ஏறி அத்தனையும் ஒரேயடியாக விஷமாகும். அதனால் வாராவாரம் கேஎச், அதாவது இந்தக் காரத்தன்மையின் அளவைப் பாருங்கள், 3 அல்லது 4 டிகிரியில் நிற்க வேண்டும். சம்ப்பில், அதாவது வடிகட்டி இருக்கும் தனித் தொட்டியில், ஒரு வலைப்பையில் சிப்பி ஓடு போட்டு வையுங்கள். அவசரத்துக்கு அப்பச்சோடா, ஆயிரம் லீற்றருக்கு 30 கிராம் கரைத்து ஊற்றினால் ஒரு டிகிரி ஏறும். ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பண்டாரவளைக் கட்டடம் எழுதியது:

நான் மீன் வளர்ப்பதில்லை, தம்பிதான் வளர்க்கிறான், ஆனால் மாடி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. 20 வருடமாக இந்தப் பக்கம் வீடு கட்டுகிறேன்.

850 லீற்றர் என்றால் தண்ணீரே 850 கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், மணல் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அது நிற்கும் இடம் 12 சதுர அடி. ஒரு சதுர மீற்றருக்கு 900 கிலோவுக்கு மேல் வருகிறது. வீட்டு சிலாப் சாதாரணமாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ, மிஞ்சினால் 200 கிலோ என்று கணக்கிட்டுப் போடுவது. பீம் மேலே, சுவரோடு ஒட்டி வைத்தால் நிற்கும் என்று மேசன் பாஸ் சொல்லக்கூடும், சில வீட்டில் நிற்கவும் நிற்கும், ஆனால் கம்பி எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்காமல் நான் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஹட்டன் அண்ணன் சொல்லும் 8க்கு 4 என்றால் மாடியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கீழ்த்தளத்திலும் எல்லா இடமும் ஒன்றில்லை. நம் ஊரில் வீட்டு நிலம் எடுப்பது எப்படி? மலையை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் நிரப்பி மட்டம் செய்வார்கள். வீட்டின் பின்பாதி கெட்டி மண்ணில் நிற்கும், முன்பாதி நிரப்பிய மண்ணில் நிற்கும். நிரப்பிய மண் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கும். முன் ஹாலில் சுவரில் சாய்வாக வெடிப்பு இருந்தால் அங்கே தொட்டியை வைக்காதீர்கள், ஒரு மூலை கொஞ்சம் இறங்கினாலே கண்ணாடியின் ஒட்டு பிரியும். வெட்டிய பக்கம், அதாவது பெரும்பாலும் சமையலறை, ஸ்டோர் அறை இருக்கும் பக்கம்தான் நல்லது. தொட்டி வைக்குமுன் ரச மட்டம் மட்டும் போதாது, ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலையும் பாருங்கள்.

கழிவுத் தண்ணீரையும் யோசியுங்கள். 8க்கு 4 தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வாரத்துக்கு 800 லீற்றர் வரை வெளியேற்றப் போகிறீர்கள். அதைப் பின்பக்க மண்மேட்டிலோ தாங்குசுவருக்குப் பின்னாலோ விட்டால் அந்த மண் நனைந்துகொண்டே இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் சரிவதற்கு நாமே வழி செய்த மாதிரி. சீமெந்துக் கானில் சேர்த்து விடுங்கள். தம்பி கொஞ்சம் கொஞ்சமாக லீக்ஸ் பாத்திக்கும் விடுகிறான், லீக்ஸ் நன்றாக வருகிறது.

கம்பளை அக்கா எழுதியது:

6 வயது மகள் என்றபடியால் எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன், எங்கள் வீட்டிலும் என் வீட்டுக்காரருடைய திருக்கை இரண்டு இருக்கின்றன, ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

திருக்கை தேடி வந்து குத்தாது. நாம் மிதிக்கும்போது, அமுக்கும்போது, மூலையில் மடக்கும்போதுதான் வாலை வீசும். முள்ளின் இரு ஓரமும் பின்னோக்கிய பற்கள், மேல்தோலில் விஷம். குத்து ஆழமில்லாவிட்டாலும் வலி தாங்க முடியாது, பெரிய ஆம்பிளைகள் அழுது பார்த்திருக்கிறேன். பட்டால் உடனே காயத்தைச் சூடு தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. காயம்பட்ட கைக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சூட்டில் அந்த விஷப் புரதம் கெடும், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். கயிறு கட்டுவது, கீறுவது, மஞ்சள் அப்புவது ஒன்றும் வேண்டாம். முள் ஆழமாக ஏறி நின்றால் இழுக்காதீர்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது, முள் துண்டு உள்ளே உடைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்து, ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டால் சூடு தண்ணீர் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வலை போட்டுப் பிடிக்காதீர்கள், முள் வலையில் சிக்கி அதுவும் காயப்படும், நீங்களும் காயப்படுவீர்கள். அகலமான பிளாஸ்டிக் பேசினை அமிழ்த்தி அதற்குள் ஓட்டி எடுங்கள். மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்தான், அப்பா இல்லாதபோது மூடியைத் தொடக் கூடாது. மற்றபடி பயப்பட வேண்டாம் தம்பி, எங்கள் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் போய் நிற்பது அந்தத் தொட்டி முன்னால்தான், அவையும் கண்ணாடியில் ஏறி வயிற்றைக் காட்டிக்கொண்டு வரும்.

ஹட்டன் தொட்டிக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதை அச்சடித்துத் தொட்டி அறைச் சுவரில் ஒட்டுங்கள் தம்பி. குளிரைப் பற்றி நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

26, 27 டிகிரியில் வையுங்கள். 1,350 லீற்றரில் 30 வீதம் மாற்றினால் 400 லீற்றர். 15 டிகிரித் தண்ணீரை 27க்கு ஏற்ற மட்டும் ஏறக்குறைய ஐந்தரை யூனிட் கரண்ட் போகும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் மாதம் 45 யூனிட்டுக்கு மேல், தொட்டி சூடு தாங்குவது இதற்கு வெளியே. பில் வரும்போது திடுக்கிடக் கூடாது என்பதற்காக முன்பே சொல்கிறேன். எத்தனை ஹீட்டர் என்று கேட்பதற்கு முன்னால் சூடு எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள். நான் முதல் வருடம் தொட்டியைச் சும்மா வைத்திருந்தேன், இரவு கரண்ட் போனால் 8 மணி நேரத்தில் 3 டிகிரி இறங்கிவிடும். பிறகு அடியிலும் பின்னாலும் பக்கங்களிலும் 2 அங்குல ரெஜிபோம் வைத்து, மேலே இரட்டைப் பொலிகாபனேட் மூடி போட்டேன். இப்போது அதே 8 மணி நேரத்தில் ஒரு டிகிரி சொச்சம்தான். சின்ன அறையாக இருந்தால் கதவை மூடி அறையையே சூடாக வைக்கலாம், நீங்கள் ஸ்டோர் அறைக்கு மாற்றினால் இந்த வகையிலும் நல்லது.

ஹீட்டரைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள், சூடு தேடி அதன்மேல் போய்ப் படுத்து வயிறு வெந்துவிடும். சம்ப்பில் வையுங்கள். பெரிதாக ஒன்று போடாமல் சின்னதாக மூன்று போடுங்கள், ஒன்று சிக்கி அணையாமல் நின்றாலும் தொட்டியைக் கொதிக்க வைக்காது. ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் கட்டாயம்.

நம் உயரத்தில் பலர் கவனிக்காத ஒன்று ஒட்சிசன். கடல்மட்டத்தில் 27 டிகிரித் தண்ணீர் லீற்றருக்கு 8 மில்லிகிராம் வரை பிடிக்கும், நானுஓயா 1,600 மீற்றருக்கு மேல், அங்கே ஆறரைதான் பிடிக்கும். கொழும்பில் ஒரு ஏர் பம்ப் போதும் என்று கடைக்காரர் சொல்வது கொழும்புக்குச் சரி. நீங்கள் இரண்டு போடுங்கள், ஒன்று பட்டரியில் ஓடக்கூடியதாக. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது என் தொட்டியைக் காப்பாற்றியது ஒரு பழைய வாகன பட்டரியும் அந்தச் சின்ன பம்ப்பும்தான். கரண்ட் இல்லாத நாளில் இரை போடாதீர்கள்.

இரைக்கு மண்புழு நல்லது, மாட்டுச்சாணக் குழியில் எடுங்கள், தேயிலைக்குள் தோண்டி எடுக்காதீர்கள். தோல் உரித்த இறால், திலாப்பியாத் துண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். இறால் மட்டும் கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்துபோகும்.

நானுஓயாப் பனி எழுதியது:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 6 அடித் தொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று லீவு, ஊற்று வரைக்கும் ஏறிப் போனேன். ஊற்றுக்கு மேலே கொஞ்சம் காடு, அதற்கு மேலே தேயிலைதான். இத்தனை வருடம் குடித்த தண்ணீர், ஒருநாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. ஸ்டோர் அறையைக் காலி செய்து, சீமெந்தில் 8க்கு 4 கட்டி முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைக்கலாம் என்று இருக்கிறோம், தாங்கி ஒன்றும் தனியாக. கருப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட திருக்கையும் கொண்டுவந்து தரலாம் என்று ஒருவர் சொன்னார், எடுக்கலாமா? எப்போது குட்டியைக் கொண்டுவரலாம்?

ஹட்டன் தொட்டிக்காரன் எழுதியது:

அது லெயோபோல்டி, பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் இருப்பது. 2022இல் பனாமாவில் நடந்த சைட்டிஸ் கூட்டத்தில், அதாவது அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் கூட்டத்தில், இரண்டாம் இணைப்பில் சேர்த்துவிட்டார்கள், ஆவணம் இல்லாமல் நாடு கடந்து வர முடியாது. காகிதம் காட்ட முடியாதவரிடம் எடுக்காதீர்கள். மொட்டோரோவே வாங்குங்கள், அதற்கும் இறக்குமதி விபரத்தைக் கேளுங்கள். ஒருநாள் வளர்க்க முடியாமல் போனால் வேறு வளர்ப்பாளரிடம் கொடுங்கள், மேல் கொத்மலையிலோ வேறு நீர்த்தேக்கத்திலோ விட வேண்டாம். சிங்கப்பூரில் யாரோ விட்ட மொட்டோரோ அப்பர் செலட்டார் நீர்த்தேக்கத்தில் குட்டி போட்டுப் பெருகிவிட்டது. நமக்குக் கீழே முழுக்க மகாவலி.

சீமெந்துத் தொட்டி என்றால் சுண்ணாம்பு இறங்கும், நன்றாக ஊறவைத்துக் கழுவி உள்ளே எபொக்ஸி பூசுங்கள். பிறகு 27 டிகிரியில் சூடாக்கி, அமோனியா கொடுத்து வடிகட்டியில் பாக்டீரியாவை வளர்த்துப் பழக்குங்கள், ஆறு வாரமாவது போகட்டும். குளிர்ந்த தண்ணீரில் பாக்டீரியா பிடிக்க இன்னும் நீண்ட நாள் எடுக்கும். அடியில் மெல்லிய ஆற்று மணல் ஒரு அங்குலம், அரித்துக் கழுவியது, கூர்க்கல் ஒன்றும் வேண்டாம்.

குட்டி எடுக்கும்போது கடையில் உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். வாலின் அடியில் இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது பட்டினி கிடந்த குட்டி, மனம் இரங்கி எடுத்துவிடாதீர்கள், முதல் திருக்கைக்கு அது வேண்டாம். வாங்குவதற்கு முதல் நாள் இரை நிறுத்தச் சொல்லுங்கள். பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொண்டுவாருங்கள், அவிசாவளை வரை வெயில், கினிகத்தேனை ஏறியதும் குளிர், பெட்டி இல்லாவிட்டால் தாங்காது. வழியில் தேநீருக்கு நிறுத்தினாலும் எப்படி இருக்கிறது என்று பையைத் திறந்து பார்க்காதீர்கள். மூடிய பைக்குள் கரியமில வாயு கூடி பிஎச் இறங்கியிருக்கும், அந்த இறக்கம்தான் அமோனியாவை அடக்கி வைத்திருக்கிறது, திறந்த நிமிடத்திலிருந்து அது விஷமாக ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்து அறை விளக்கை அணைத்து, பையோடு தொட்டியில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் அதிக நேரம் தாமதிக்காமல் பேசினுக்கு மாற்றி, பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் குட்டியை மட்டும் இறக்குங்கள். அன்று இரவு இரை வேண்டாம். மறுநாள் காலை ஒரு மண்புழு போட்டுவிட்டு என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள் தம்பி.